ஐப்பசியில் ஆறு வராவிட்டால்...

"மழை பொய்த்தால் உழவருக்குக் கவலை. மீனவருக்கு என்ன கவலை? கடலில்தான் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லையே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வறண்டால் கடலிலும் ஒருவகைப் பஞ்சம் தோன்றும். அது எப்படி என்று பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், மணமேல்குடிக்குத் தெற்கே பாக் விரிகுடாக் கரையில் உள்ளது கோட்டைப்பட்டினம். இங்கே விசைப்படகுகளும் உண்டு. கரையோரம் வலை விரிக்கும் வல்லங்களும் உண்டு. எதிரே உள்ள கடல் ஆழமில்லாதது. பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வெள்ளாறு இப்பகுதியில்தான் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அந்த ஆற்றில் தண்ணீரைக் காண வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ய வேண்டும்.

குளிர்நாட்டுச் சால்மன்

முதலில் தொலைதூரக் கடல் ஒன்றுக்குப் போய் வருவோம். வட அட்லாண்டிக், வட பசிபிக் கரைகளில் சால்மன் என்னும் மீன் வாழ்கிறது. அது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. தன் ஆற்று நீரின் வாசனையை அது மறப்பதில்லை. பல சால்மன்கள் இலையுதிர் காலத்தில்தான் ஆறேறுகின்றன.

அந்த ஆண்டு மழை இல்லை, ஆறு மெலிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஏற முடியாமல் முகத்துவாரத்திலேயே கூட்டமாகக் காத்து நிற்கும். கரையோரத்தில் வலை போடுபவருக்கு அது கொண்டாட்டம்! ஆனால் பிடிபடுவது முட்டையிட வந்த மீன். இன்றைய நல்ல வரவு, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் நட்டத்தின் முன்பணம்.

நமது மீன்களின் பயணம்

நம் கடலில் சால்மன் கிடையாது. நம் மீனவர் 'காலா' என்றழைக்கும் மீனை ஆங்கிலேயர் 'இந்தியச் சால்மன்' என்றனர். ஆனால் அது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் மார்புத் துடுப்புகளின் கீழ்ப்பகுதியில், பக்கத்துக்கு நான்காக நூல் போன்ற இழைகள் தொங்குவதைக் காணலாம். சேற்றில் இரையைத் தடவிப் பார்க்க அவை உதவுகின்றன.

நம் மீன்கள் பல, சால்மனுக்கு நேர்மாறாகப் பயணம் செய்கின்றன. கொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலில், முகத்துவாரங்களுக்கு அருகே முட்டையிடுகிறது. குஞ்சுகள் உப்பங்கழிக்குள் புகுந்து, சில வேளை நன்னீர் வரைக்கும் ஏறி, அங்கே வளர்கின்றன. மடவையும் வெள்ளை இறாலும் அப்படியே. பெண் இறால் கடலில் முட்டைகளை லட்சக்கணக்கில் விடுகிறது. அவற்றிலிருந்து வந்த இளம் இறால்கள் ஓரிரு வாரங்களில் கழிகளைத் தேடி வருகின்றன. சில மாதங்கள் தங்கிப் பெருத்துக் கடலுக்குத் திரும்புகின்றன. காலாவின் குஞ்சுகளும் முகத்துவாரங்களை நாடுகின்றன.

கழியில் அப்படி என்ன இருக்கிறது? தீனி இருக்கிறது, ஒளிந்துகொள்ளக் கலங்கல் நீரும் புல்லும் இருக்கின்றன, பெரிய மீன்களின் தொல்லை குறைவு. சுருங்கச் சொன்னால், கழிமுகம் கடலின் தொட்டில்.

தொட்டில் வறண்டால்?

ஆறு வராத ஐப்பசியில் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, வாசல் அடைபடுகிறது. அலைகள் கரையோரம் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆற்று வெள்ளம்தான் அந்த மணலை அறுத்து வழி திறந்துவிடும். வெள்ளம் இல்லையேல் மணல்திட்டு மூடிக்கொள்ளும். வெளியே உள்ள குஞ்சு உள்ளே வர முடியாது. உள்ளே வளர்ந்தது வெளியே போக முடியாது.

இரண்டாவது, உப்பு ஏறுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மூடிக்கிடக்கும் கழி வெயிலில் வற்ற வற்ற, அதன் உப்பு கடலையும் மிஞ்சிவிடும். கொடுவா போன்ற மீன், கடலில் இருக்கும்போது நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் நீரைக் குடிப்பதை வெகுவாகக் குறைத்து, உடலில் புகும் நீரைச் சிறுநீராகக் கழிக்கிறது. ஆயினும் இவ்வேலைக்கு ஆற்றல் செலவாகிறது. உப்பு மிஞ்சினால் வளர்ச்சிக்குரிய ஆற்றலும் அதிலேயே கரையும்.

மூன்றாவது, உரம் குறைகிறது. ஆற்று நீர் நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கா ஆகியவற்றைச் சுமந்து வருகிறது. இவற்றை உண்டுதான் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாசியைச் சிற்றுயிர்கள் தின்ன, அவற்றைக் குஞ்சுகள் தின்கின்றன. வயலுக்கு வண்டல் எப்படியோ, கரைக்கடலுக்கு ஆற்றுநீர் அப்படி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, கங்கை, மகாநதி, கோதாவரி போன்ற ஆறுகளின் நன்னீர் கலந்த வங்கக்கடல் நீரைப் பாக் விரிகுடாப் பக்கம் கொண்டு வருகிறது. ஆகவே நம் மழை தவறினாலும் விரிகுடா முழுவதும் உப்பு ஏறிவிடும் என்பதில்லை. ஆனால் தொலைவிலிருந்து வரும் அந்த நீரால் வெள்ளாற்றின் வாசலைத் திறக்க முடியாது. அதை உள்ளூர் மழைதான் செய்ய வேண்டும்.

தாமதமாக வரும் கணக்கு

2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு தவறியது. சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய தமிழ்நாட்டில் 170 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. இத்தகைய ஆண்டின் பாதிப்பு வயலில் உடனே தெரியும்; கடலில் தாமதித்தே தெரியும். இறாலில் சில மாதங்கள் கழித்தும், கொடுவாயில் சில ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். அதனால்தான் பலரும் அதை மழையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மீன் குறைய வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே; இதுவும் அவற்றுள் ஒன்று.

ஆறு நிரந்தரமாக மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'உள்ளம்' மீனே சாட்சி. வங்காளிகள் 'இலிஷ்' என்று போற்றும் இம்மீன், சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் காவிரியில் அதன் வரத்து அருகிப்போயிற்று. கங்கையில் அலகாபாத் வரை ஏறிவந்த அதே மீன், 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் மேலே போவது அரிதாயிற்று.

மழையை நம்மால் வரவழைக்க முடியாது. ஆனால் வறண்ட ஆண்டில் செய்யக்கூடியவை சில உள்ளன. முகத்துவாரத்தின் குறுக்கே சிறுகண் வலை கட்டாதிருக்கலாம். கொடுவாயும் காலாவும் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பின்னரே பெண்ணாக மாறுபவை. ஆகவே மிகப் பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் முட்டையிடத் தாய் மிஞ்சாது என்பதை நினைவில் வைக்கலாம். கழிகளைக் குப்பைமேடாக்காமல் காக்கலாம்.

கண்மாய்கள் நிறைய வேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவை நிறைந்தபின் வெள்ளாற்றில் மிச்சம் ஓடுவதைப் பார்த்து, "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்று யாராவது வருந்தினால், கோட்டைப்பட்டினத்து வல்லங்களை அவருக்கு நினைவூட்டுங்கள். அந்த நீரிலும் ஒரு விளைச்சல் இருக்கிறது.