தலைப்பிரட்டையின் வாலும் லாப்ரடாரின் காதும்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் காற்றே ஈரமாகிவிடும். தொங்குகாது லாப்ரடார் வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு சத்தம் பழக்கம்: நாய் தலையை உதற, மடல் ‘பட் பட்’டென்று அடிக்கும். மடலைத் தூக்கினால் பழுப்பு அழுக்கு, புளித்த வாடை.

நமக்குக் காதுத்துளை ஏறக்குறைய நேராகப் போகிறது. நாய்க்கு அது முதலில் கீழே இறங்கி, பிளம்பர் மாட்டும் எல்போ போலத் திரும்பித்தான் செவிப்பறையை அடைகிறது. அந்த வளைவில் ஈரம் எளிதில் காயாது. பல நாய்களுக்கு ஒவ்வாமைதான் தொடக்கம். தோல் சிவந்து வீங்கியதும், அங்கே அளவோடு இருந்த மலசீசியா ஈஸ்ட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் பெருகிவிடுகின்றன.

காதைக் கெடுப்பவை கிருமிகள் மட்டுமல்ல. அவற்றை விரட்ட உடல் அனுப்பும் நொதிகளும்தான்.

சைக்ளோஆக்சிஜனேஸ்-2 என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கிறது; வீக்கமும் வலியும் கூடுகின்றன. வெள்ளணுக்கள் கொண்டுவரும் மைலோபெராக்சிடேஸ், பிளீச்சிங் திரவத்தில் உள்ளதைப் போன்ற அமிலத்தைத் தயாரித்துக் கிருமிகளைக் கொல்கிறது. பச்சை நிற நொதி அது. சீழின் பச்சைச் சாயலில் அதற்கும் பங்குண்டு.

மூன்றாவது வகை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளை வெட்டும் கத்தரி. ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் 1962இல் இந்த வகையை முதலில் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். தவளையாகும்போது வால் கரைவது இதன் உதவியோடுதான். வால் மறைந்ததும் அங்கே வேலை முடிகிறது. நாள்பட்ட அழற்சி உள்ள காதில் முடிவதில்லை.

வெட்டுவதும் ஒட்டுவதுமாக மாதக்கணக்கில் போனால் தழும்புத்திசு சேர்கிறது, மெழுகுச் சுரப்பிகள் பெரிதாகின்றன, துளை குறுகுகிறது. குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்தபின் சொட்டு மருந்து உள்ளே இறங்காது. சில நாய்களுக்குக் காதுக்குழாயையே அறுவை செய்து அகற்ற நேர்கிறது.

அதனால்தான் கால்நடை மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் கிருமிக்கொல்லியோடு, நொதி உற்பத்தியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் இருக்கிறது. உதறல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பட்ஸ் விட்டுக் குடையவும் கூடாது.

மறுபரிசோதனையில் மருத்துவர் காதழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஈஸ்ட் மிச்சமிருந்தால் ஊதா நிறத்தில் குட்டி நிலக்கடலைகளாகத் தெரியும். பிறகு காதின் அடிப்பகுதியை விரல்களால் அழுத்துவார். நலமான குழாய் ரப்பர்போல வளைந்துகொடுக்கும். சுண்ணாம்பு படிந்தது குச்சிபோல விறைத்து நிற்கும்.