தொலைவை வென்ற கட்டடம்

மனிதக் குரலை மின்னலைகளாக மாற்றிக் கம்பியில் செலுத்தினாலும், தொலைவு கூடக் கூட அதன் வலிமை குன்றும். குன்றிய குரலுக்கு வழியில் வலுவூட்டும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் உருவான பின்னரே அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரையிலான உரையாடல் கைகூடியது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பேசியதை, அமெரிக்காவின் மறுகரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவில் வாட்சன் கேட்டார். அக்குரலைச் சுமந்த கம்பிகளை ஏறத்தாழ 1,30,000 கம்பங்கள் தாங்கி நின்றன.

ஊர்தோறும் கம்பிகள் பெருகியபோது, அவற்றை ஒன்றுடன் ஒன்று இணைக்கும் நடுவிடம் இன்றியமையாததாயிற்று. அத்தேவைக்காக, நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் இருந்த பழைய கட்டடம் விரிவுபடுத்தப்பட்டு, 1932இல் 27 மாடிகளுடன் நிறைவுற்றது. ரால்ஃப் வாக்கர் வடிவமைத்த அத்தொலைதூரத் தொலைபேசிக் கட்டடத்தின் முகப்புக் கூடத்துச் சுவரில் ஓடுகளாலான உலகப்படம் அமைந்துள்ளது. கண்டங்கள் தொலைபேசியால் இணைவதைக் கூரையின் மொசைக் ஓவியம் காட்டுகிறது.

அக்காலத்தில் ஒருவர் வெளியூருக்குப் பேச விரும்பினால், இணைப்பகப் பணியாளரிடம் ஊரையும் எண்ணையும் கூறுவார். பணியாளர், பெரும்பாலும் பெண்கள், இணைப்புப் பலகையின் துளையில் கம்பியைச் செருகுவார். நேரடித் தடம் இல்லையெனில், இடைப்பட்ட நகரத்தின் இணைப்பகத்தை நாடுவார். ஒவ்வோர் உரையாடலுக்கும் பின்னால் மனிதக் கைகள் இயங்கின.

1951இல் அமெரிக்காவில் பயனர் தாமே வெளியூர் எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை அறிமுகமானது. கைகளின் பணியைப் பொறிகள் படிப்படியாக ஏற்றன. 1974இல், பழைய கட்டடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, தாமஸ் தெருவில் சன்னல்களே இல்லாத உயர்ந்த இணைப்பகக் கட்டடம் எழுந்தது. பொறிகளுக்குப் பகலொளி எதற்கு?

ஆயினும் பொறிகளுக்குக் காவல் தேவை. 1991 செப்டம்பர் 17 அன்று அக்கட்டடத்தின் மின்வழங்கல் அமைப்பு பழுதுற்றது. மாற்று மின்கலங்கள் சில மணிநேரம் தாங்கின. எச்சரிக்கைக் குறிகளை எவரும் கவனிக்கவில்லை. மின்கலங்கள் ஓய்ந்ததும் இலட்சக்கணக்கான அழைப்புகள் தடைப்பட்டன. விமானக் கட்டுப்பாட்டு நிலையங்களின் தொடர்பும் அறுந்ததால், நியூயார்க்கின் மூன்று பெரிய விமான நிலையங்களில் போக்குவரத்து முடங்கியது.

அடுத்த மாதமே, 1932இல் நிறைவுற்ற கட்டடம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எல்லாத் தடங்களும் ஓரிடத்தில் கூடுவது வலையமைப்பின் வலிமை. அவ்விடம் தளர்ந்தால் அதுவே அதன் நலிவு. தொலைவை வென்ற பொறிகளையும் விழிப்புள்ள மனிதரே காக்க வேண்டும்.