மின்சார டாக்சி வாங்கும் முன் ஒரு ஒர்க்‌ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் ஐகானை ஒரு முறை கிளிக் செய்து, கட்டம் கட்டமாக வரும் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். "இதெல்லாம் ஆபீசில் வேலை செய்பவர்களுக்கு" என்ற எண்ணம். என் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் சென்னை பல்லாவரத்தில் இருபது ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறார். டீசல் கார் பழையதாகிவிட்டது. மின்சாரக் கார் வாங்கலாம் என்று ஒரு புரோக்கர் சொல்ல, முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டார்.

"தம்பி, நீ சாப்ட்வேர் எஞ்சினியர். எந்தக் காரை வாங்கலாம், சொல்லுடா" என்றார். கார் பற்றி எனக்கு அவரைவிட அதிகம் தெரியாது. ஆனால் கணக்குப் போட ஒரு ஒர்க்‌ஷீட் போதும். வாங்குவதற்கு 5 ஆண்டுக் கடன் என்பதால், கணக்கு தவறினால் குடும்பமே சுமக்க வேண்டும். அன்று இரவு நாங்கள் போட்ட கணக்கை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணி என்று குறிப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். ஒரு கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்தான். 2021ல் வாடகைக் கார்களுக்காகவே வந்த டாடா எக்ஸ்பிரஸ்-டி காரில் 21.5 யூனிட் பேட்டரி இருந்தது. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் 213 கி.மீ. என்று சான்றிதழ். இது சோதனைக் கூடத்தில் எடுக்கப்படும் அளவு. ஏசி, போக்குவரத்து நெரிசல், நான்கு பயணிகள், பெட்டிகள் என்று வரும்போது இந்தத் தூரம் குறையும். நான் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும் பேட்டரியை முழுதும் தீர்த்துவிட்டு நடுரோட்டில் நிற்க முடியாது. ஆகவே 20 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்தது, தினமும் ஓடும் தூரம். சித்தப்பாவின் செயலியில் சவாரி தூரம் நாளுக்கு 150 கி.மீ. என்று இருந்தது. காரின் மீட்டரைப் பார்த்தால் 200. சவாரி எடுக்கப் போகும் தூரமும், காலியாகத் திரும்பும் தூரமும் செயலியில் வராது. பேட்டரிக்கு எல்லா கிலோமீட்டரும் ஒன்றுதான். எனவே மீட்டரில் உள்ளதையே எடுங்கள்.

ஒர்க்‌ஷீட் தயாரிப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் கால்க் புரோகிராமை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் முறை ஒன்றே. ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்திடவும். எண்களுக்கு நடுவே கமா வேண்டாம்.

1. தினமும் ஓடும் கி.மீ.: 200
2. மாதத்தில் ஓடும் நாட்கள்: 26
3. சான்றிதழ் தூரம்: 213
4. பேட்டரி உத்தரவாத கி.மீ.: 160000
5. டீசல் செலவு, ஒரு கி.மீ.க்கு: 5
6. மின்சாரம், ஒரு யூனிட் விலை: 23.6
7. ஒரு யூனிட்டில் ஓடும் கி.மீ.: 6
8. டீசல் காரைவிடக் கூடுதலாக வரும் மாதத் தவணை: 6000

டீசல் லிட்டர் 90 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொண்டதால் 5 ரூபாய் வந்தது. மின்சாரம் வெளியே சார்ஜ் செய்யும் இடத்தில் யூனிட் 20 ரூபாய் என்றும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றும் கொண்டேன். காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. ஆனால் அதை வெளியே சார்ஜ் செய்வதற்கு 18 சதவீதம். இதைப் பலர் கவனிப்பதில்லை. தவணையும் ஓர் உதாரணமே. உங்கள் ஊர் விலைகளை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

இனி பார்முலா. பி10 செல்லில் கிளிக் செய்து சமக்குறியை டைப் செய்திடவும். மவுஸால் பி1 செல்லில் கிளிக் செய்து, நட்சத்திரக் குறியை அழுத்தி, பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். 5200 என்று விடை வரும். இது மாதம் ஓடும் தூரம். கம்ப்யூட்டருக்கு நட்சத்திரம்தான் பெருக்கல் குறி, சாய்கோடு வகுத்தல் குறி. இதே முறையில் மற்றவற்றையும் அமைக்கவும்.

பி11, ஒரு சார்ஜில் நம்பி ஓட்டக்கூடிய தூரம்: பி3 செல்லை 2ஆல் பெருக்கி, 3ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 114.

பி12, உத்தரவாதம் தாங்கும் மாதங்கள்: பி4 செல்லை பி10ஆல் வகுக்கவும். விடை சுமார் 31.

பி13, மாத லாபம்: அடைப்புக்குறிக்குள் பி5 கழித்தல் பி6 வகுத்தல் பி7 என்று இட்டு, அடைப்பை மூடி, பி10ஆல் பெருக்கி, பி8 செல்லைக் கழிக்கவும். விடை மைனஸ் 453.

"என்னடா, கழித்தல் குறி விழுது?" என்று சித்தப்பா திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். நான் அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

விடைகள் சொல்வது என்ன?

முதலாவது, 114. அவர் ஓட்டுவது 200. மீதி 86 கி.மீ.க்கு நடுப்பகலில் சார்ஜ் செய்தாக வேண்டும். சின்ன பேட்டரிக் கார்கள் வேகமாக மின்சாரத்தை ஏற்பதில்லை. வரிசையில் நிற்காவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரு சவாரி போனால் கையில் நிற்கும் 250 ரூபாய் போகும். 26 நாளுக்கு 6,500 ரூபாய். இது மேலே வந்த நஷ்டத்துக்கும் மேல்.

இரண்டாவது, 31. பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. எது முதலில் வருகிறதோ, அதோடு முடிந்தது. சொந்தக் காருக்கு 8 ஆண்டு. டாக்சிக்கு இரண்டரை ஆண்டைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். கடனோ 60 மாதம். மீதி 29 மாதம் உத்தரவாதம் இல்லாத பேட்டரிக்குத் தவணை கட்டுவோம். சொந்த உபயோகக் கார்களுக்குச் சொல்லும் உத்தரவாதம் வாடகைக் கார்களுக்கு அப்படியே கிடைக்கும் என்றும் இல்லை. "பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து வண்டிக்கு எத்தனை கி.மீ. உத்தரவாதம்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வாடகை மின்சார வாகனத்தின் நம்பர் பிளேட் அதுதான்.

எல்.எப்.பி. வகை பேட்டரியா என்றும் கேளுங்கள். அந்த வகை அதிக முறை சார்ஜ் செய்வதைத் தாங்கும். தினமும் சார்ஜ் போடும் டாக்சிக்கு ஏற்றது.

மூன்றாவது, மைனஸ். பி6 செல்லில் 23.6ஐ அழித்துவிட்டு 12 என்று டைப் செய்தேன். மற்ற செல்கள் தாமாகவே மாறி, விடை 9600 ஆனது. வீட்டில் சார்ஜ் செய்தால் வரும் கணக்கு இது. வீட்டு மின்சாரத்தில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். மாதம் 870 யூனிட் காருக்கே போகும். அதனால் கடைசி அடுக்கின் விலையைப் போட வேண்டும். இதற்குத் தனி இணைப்பும் கட்டணமும் உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டு கார்களை ஒப்பிட

பி வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி அழுத்தி, சி1 செல்லில் கண்ட்ரோல் + வி அழுத்தவும். பார்முலாக்கள் தாமாகவே சி வரிசைக்கு மாறிக்கொள்ளும். நாங்கள் சி3ல் பெரிய பேட்டரிக் காருக்காக 390 என்றும், சி6ல் 12 என்றும், சி8ல் தவணை 9000 என்றும் இட்டோம். நம்பி ஓட்டக்கூடிய தூரம் 208. மாத லாபம் 6600. தவணை அதிகம், ஆனால் நடுப்பகல் சார்ஜ் இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 200 கி.மீ.க்குத் தினமும் சுமார் 33 யூனிட் வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3.3 யூனிட் ஏறும். அதாவது இரவு 10 மணி நேரம். விடியற்காலை 4 மணிக்கு விமான நிலையச் சவாரி எடுப்பவருக்கு இது போதாது. 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 5 மணி நேரத்தில் முடியும். அதற்கு மின் இணைப்பின் சுமையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. வாடகை மின்சாரக் கார்களுக்கு மத்திய அரசு தந்த பேம்-2 மானியம் 2024 மார்ச்சுடன் முடிந்தது. அதன்பின் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்கள் இல்லை. பழைய மானியத்தைச் சொல்லி யாராவது விலை பேசினால் ஏமாற வேண்டாம்.

சித்தப்பா இருப்பது வாடகை வீட்டில். காரை நிறுத்துவது தெருவில். பக்கத்தில் பிளக்கே இல்லை. ஒர்க்‌ஷீட்டைப் பார்த்தபின் முன்பணம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் போனது கார் ஷோரூமுக்கு அல்ல, வீட்டுக்காரரிடம். உள்ளே காரை நிறுத்தவும், தனி மீட்டர் வைக்கவும் அனுமதி கேட்டிருக்கிறார். அது கிடைத்த பிறகே கார்.

அந்தப் பைலைச் சேமித்து வையுங்கள். மின்சாரமோ டீசலோ விலை மாறினால் ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.