பனியில் தலைகுனியும் வெண்பூ

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. இலண்டன் மாநகரிலோ தை பிறந்தால் குளிர்தான் பிறக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் இருட்டு, ஓயாத ஈரம், கதவுத் துவாரத்தால் விழப்போகும் கடிதத்திற்கான காத்திருப்பு. எச்செடியும் உயிரோடிருப்பதாகத் தோன்றாத இந்நாட்களில், ஒரு சாணளவே உயர்ந்த ஒரு சிறு பூண்டு, மூன்று வெள்ளை இதழ்களைத் தொங்கவிட்டபடி மண்ணைப் பிளந்து நிற்பதை வாசகர்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். தேவாலய முற்றங்களிலும் இடுகாடுகளிலும் அது மிகுதி. ஆங்கிலேயர் அதனை ஸ்னோட்றொப் என்பர்.

இப்பூவுடன் எனக்கு ஏற்பட்ட உறவு தற்செயலானது. வட இலண்டனில் நாங்கள் வாடகைக்கிருந்த வீட்டின் அயலில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி வாழ்ந்தார். வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதியின்றி வீட்டுக்குள் அடைபட்டுக்கிடந்த என்னை அவர் வேலிக்கு மேலால் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள், பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி, இலையும் பூவும் கிழங்குமாக ஒரு பிடி செடியைத் தந்தார். அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு மண்வெட்டி தேடிப்போனேன். திரும்பியபோது மனைவி கையிற் கத்தியுடன் நிற்கிறாள். “இஞ்சாருங்கோ, ஊர்ச் சின்ன வெங்காயம் மாதிரியெல்லோ கிடக்கு! ஆர் தந்தது?”

ஏமாறுவது இயல்பே. எனினும் இக்கிழங்கு நஞ்சு. உண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். இதே இனத்திலிருந்து 1950களிற் பிரித்தெடுக்கப்பட்ட கலந்தமின் என்னும் பொருள், இன்று அல்சைமர் எனப்படும் மறதிநோய்க்கு மருந்தாக வழங்கப்படுகிறது என்பது வியப்புக்குரியது.

தாவரவியலில் இதன் பேரினப் பெயர் கலாந்தஸ். கிரேக்க மொழியில் ‘பாற்பூ’ என்று பொருள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வழங்கிய பெயர் அது. ஏறத்தாழ இருபது இனங்கள் உள்ளன. அவற்றின் தாயகம் பிரனீஸ் மலைகள் முதல் துருக்கி, கோக்கசஸ் வரை பரந்து கிடக்கிறது. ஆங்கிலேயர் பலர் இதனைத் தம் மண்ணின் பூவென்றே நம்புகின்றனர். உண்மை வேறு. 1597இல் வெளிவந்த ஜெராட்டின் மூலிகை நூல் இதனைத் தோட்டச் செடியாகவே குறிப்பிடுகிறது. பிரித்தானியக் காடுகளில் இது தானே வளர்வதாக முதன்முதற் பதிவானது 1770களிலேதான். பெரிய இலைகளையுடைய ஓரினத்தைக் கிரைமியப் போரிலிருந்து (1853-56) மீண்ட படைவீரர்கள் பைகளிற் கொண்டுவந்தனர் என்பர். இன்னொன்றை ஹென்றி ஜோன் எல்விஸ் என்பவர் 1874இல் துருக்கியின் ஸ்மேர்ணா நகருக்கு அண்மையிற் கண்டெடுத்தார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது. ஆக, இங்கே தலைகுனிந்து நிற்பவை அனைத்தும் வந்தேறிகளே!

இதனைச் சேகரிப்போர் ஒரு தனிச் சாதி. வெளியிதழ் மூன்று, உள்ளிதழ் மூன்று. உள்ளிதழில் ஒரு பச்சைப் புள்ளி. அப்புள்ளி ஒன்றா இரண்டா, தலைகீழான இதய வடிவமா, மஞ்சள் நிறமா என்று ஈரமண்ணில் முழந்தாளிட்டுத் தலையைத் தரையில் வைத்துப் பார்ப்பார்கள். அவ்வாறு பெயர் சூட்டப்பட்ட வகைகள் ஆயிரத்துக்கு மேல். 2015இல் ‘கோல்டன் பிளீஸ்’ என்ற ஒரேயொரு கிழங்கு 1,390 பவுணுக்கும், 2022இல் ‘கோல்டன் ரியர்ஸ்’ 1,850 பவுணுக்கும் விலைபோயின. நம்மவர் இதனைப் பைத்தியம் என்பர். நானும் அவ்வாறே எண்ணினேன், மூன்றாம் வகையைத் தேடத் தொடங்கும்வரை. ஆனால் இந்த ஆசைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. துருக்கி மலைகளிலிருந்து இலட்சக்கணக்கிற் கிழங்குகள் தோண்டப்பட்டதன் விளைவாகவே, 1990 முதல் இப்பேரினம் முழுவதன் சர்வதேச வணிகமும் சைற்றீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குட்பட்டது.

என்பீல்ட் பகுதியில் வாழும் நம்மவர்கள் மிடில்ற்றன் மாளிகைத் தோட்டத்திற்கு ஒருமுறை சென்றுவரலாம். இ. ஏ. போல்ஸ் (1865-1954) என்னும் பூப்பித்தர் வாழ்நாளெல்லாம் வாழ்ந்த இடம் அது. கோணல்மாணலாக வளர்ந்த செடிகளுக்கென்றே அவர் ஒரு மூலையை ஒதுக்கி ‘லூனற்றிக் அசைலம்’ என்று பெயரிட்டிருந்தார். அசைலம் என்ற சொல்லை நாம் வேறு பொருளிலேயே கற்றோம். அப்பலகையின் முன் நின்று நான் சிரித்ததைக் கண்ட காவலாளி என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ அறியேன்.

ஆயினும் என் மனத்தை ஆட்கொண்டவர் ஜேம்ஸ் அலன். சமர்செற்றின் ஷெப்ரன் மலற் ஊரவர். கலப்பினங்களை முதன்முதல் முயன்று உருவாக்கியவர்களுள் ஒருவர். நூறுக்கு மேற்பட்ட வகைகளை வளர்த்தவர். 1906இல் அவர் மறைவதற்கு முன்னரே பூஞ்சண நோய் அச்சேகரத்திற் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிட்டது. இன்றும் தோட்டங்களிற் பூக்கும் ‘மக்னற்’, ‘மேர்லின்’ ஆகியவை, அவர் பிறருக்குக் கொடுத்த கிழங்குகளின் வழிவந்தவை. 1995 இடப்பெயர்வின்போது என் தந்தையாரின் நூல்களுக்கும் இதுவே நேர்ந்தது. அலுமாரியிற் பூட்டி வைத்தவை போயின. இரவல் போனவை மாத்திரம் எஞ்சின.

இச்செடியை வளர்ப்பது கடினமன்று. இலையுதிர்க்கும் மரத்தின் கீழ், கோடையில் முற்றாகக் காய்ந்துவிடாத மண் போதும். கடையில் விற்கும் உலர்ந்த கிழங்குகள் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். பூ முடிந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே கெல்லிப் பிரித்து, உடனே மறுநடுகை செய்வது நன்று. உறைபனி இரவில் தண்டு துவண்டு நிலத்தில் வீழ்ந்துவிடும். இறந்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். வித்துக்களின் கொழுப்பு நிறைந்த நுனிக்காக எறும்புகள் அவற்றை இழுத்துச்செல்வதால், நடாத இடத்திலும் சில ஆண்டுகளில் முளை காணலாம். பொறுமையுள்ளோர், கிழங்கை அடித்தட்டு ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்திருக்குமாறு சீவி, ஈரமான வெர்மிகியுலைற்றுடன் பையிலிட்டு இருளில் வைத்து, மூன்று மாதங்களிற் குறுங்கிழங்குகளைப் பெறுவர். அவை பூக்க மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும்.

சென்ற பங்குனியில் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போவதாகக் கூறி, இரண்டு மாத அவகாசம் தந்தார். மூதாட்டி அதற்கு முன்பே முதியோர் இல்லம் சென்றுவிட்டார். நான்கு ஆண்டுகளில் அவர் தந்த ஒரு பிடி, பதினொரு கொத்துகளாகப் பெருகியிருந்தது. இலை பச்சையாக இருந்த நாட்கள் அவை. மனைவியும் நானும் மழையில் நின்று கெல்லினோம். ஹரோவில் இருவருக்கு, ஈஸ்ற்ஹாமில் ஒருவருக்கு, கோயிலில் தேவாரம் படிக்கும் பெரியவருக்கு, முதியோர் இல்லத்து யன்னலோரத்திற்கு ஒரு சட்டி என்று ஒன்பது கொத்துகள் போயின. புதிய இருப்பிடம் மாடியில் ஓர் அறை, நிலமில்லை. எஞ்சிய இரண்டையும் சட்டிகளில் நட்டு வெளிப்படிக்கட்டில் வைத்திருக்கிறேன். இலை பழுத்துத் தானே விழும்வரை வெட்டக்கூடாது. அடுத்த பூவுக்கான உணவை அதுவே கிழங்கில் சேர்த்துவைக்கிறது.