ஆறடிச் சுவருக்குக் கிடைத்த கடன்

டெட்ராய்ட் நகரின் எட்டு மைல் சாலைக்குத் தெற்கே, வீடுகளின் கொல்லைப்புறமாக ஆறடிச் சுவரொன்று அரை மைல் தூரம் ஓடுகிறது. 1941இல் ஒரு ரியல் எஸ்டேட்காரர் கட்டியது. வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க வந்தவர் அவர். பக்கத்திலேயே கறுப்பினத்தவர் குடியிருந்ததால், கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. நடுவில் சுவர் எழுந்ததும் சம்மதித்தது. சிறுவர்கள் ஏறிக் குதிக்கும் உயரம்தான். கோப்புக்கு அது போதும்.

வீடு தர மறுப்பதை வீட்டுக்காரரின் சொந்த வெறுப்பாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் அது அரசாங்க நடைமுறையாகவே இருந்தது. 1930களில் அரசின் வீட்டுக் கடன் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு மஞ்சள், ‘ஆபத்தானது’ என்றால் சிவப்பு. கறுப்பினத்தவரின் தெருக்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. பழி முழுவதும் இந்த வரைபடங்கள்மேல் விழுவதுண்டு. என் கணக்கில், 1934இல் தொடங்கிய வீட்டுவசதி நிர்வாகத்தின் பங்குதான் பெரிது. எந்தக் கடனுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று தீர்மானித்தது அதன் விதிப்புத்தகம்.

கடன் நுழையாத தெருவில் வீடு வாங்க வேறு வழி பார்க்க வேண்டும். சிகாகோவில் அது ‘காண்ட்ராக்ட்’. விலை சந்தையைவிட எக்கச்சக்கம். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் கையில். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். தவணைக்காக இரண்டு வேலை பார்த்தார்கள், அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஒழுகும் கூரையை மாற்றக் காசு மிஞ்சவில்லை. ‘இவர்கள் வந்தால் தெரு பாழாகும்’ என்றவர்கள், அந்தத் தெருவையே சாட்சிக்குக் காட்டினார்கள்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் வரவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. வீட்டு விலை சரிந்தால் பள்ளியும் இளைக்கும். மரங்கூட இதில் தப்பவில்லை. 108 நகரங்களைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வின்படி, பழைய சிவப்புப் பகுதிகளின் தரைவெப்பம் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம். நிழல் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம்.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பச்சைப் பகுதி வீடுகள் சேர்த்துக்கொடுத்த மதிப்பை அது யாருக்கும் ஈடுகட்டவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்குச் சொத்து என்றால் பெரும்பாலும் வீடுதான். 2022இல் அமெரிக்க வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000 டாலருக்கும் சற்றுக் குறைவு.