களையை உண்ணும் புழு

கோலார் தங்கவயலைச் சூழ்ந்த கேழ்வரகு வயல்களில், இடையிடையே மஞ்சள் பூக்களுடன் நிற்கும் உச்செள்ளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். எண்ணெய் தரும் எளிய பயிர் அது. இப்பயிரின் பொருட்டு ஓர் அந்துப்பூச்சி இந்நாட்டில் நுழைய இயலாமற் போன வரலாறு அறியத்தக்கது.

அப்பூச்சியின் உணவு பார்த்தீனியம். மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்து, 1955-ஆம் ஆண்டளவில் புனேயில் கண்டறியப்பட்ட இக்களை, பின்னர் நாடெங்கும் பரவியது. பட்டவர்க்குத் தோல் அரிப்பையும், சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குவது இது. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்ப்பதால், வெட்டி மாளாது.

களையைப் புழுவைக்கொண்டு அழிக்கலாம் என்பதற்குச் சான்று ஆஸ்திரேலியா. அங்கே கோடிக்கணக்கான ஏக்கரைக் கவர்ந்திருந்த சப்பாத்திக் கள்ளியை, 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து கொணர்ந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழித்துவிட்டன. அப்பூச்சியின் பெயரால் குடியானவர்கள் ஒரு மண்டபமே எழுப்பினார்கள்!

பார்த்தீனியத்துக்கும் அவ்வாறே ஓர் அந்துப்பூச்சி உண்டு. அதன் புழு தண்டைத் துளைத்து உட்புகும்; அவ்விடம் முடிச்சாகப் புடைக்கும்; செடி வளர்ச்சி குன்றும். 1985-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு இதனைத் தருவித்த ஆய்வாளர்கள், உடனே வெளியில் விட்டுவிடவில்லை; கூண்டில் அடைத்து, வேறு எந்தெந்தச் செடியை உண்ணும் என்று சோதித்தார்கள். உச்செள்ளிலும் அப்புழு தன் வாழ்வை முழுமையாக நடத்தக் கண்டார்கள். வியப்பில்லை, உச்செள்ளும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வளர்த்த பூச்சிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. கைக்கெட்டிய கருவியை இவ்வாறு துறப்பதற்கும் துணிவு வேண்டும் அல்லவா? வெளியே விட்ட பூச்சியைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது.

அதற்கு முன்பே, 1984-இல், மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் இலையுண்ணும் வண்டு பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்டிருந்தது. அதுவும் பின்னர்ச் சூரியகாந்திப் பயிரில் காணப்பட்டதால் பெரும் ஐயம் எழுந்தது. ஆராய்ந்தபின் அஞ்ச வேண்டுவதில்லை என முடிவாயிற்று. மழைக்காலத்தில் இவ்வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலைகளை அரித்துத் தீர்க்கும். கோடையிலோ வண்டு மண்ணுக்குள் உறங்கும். களை சிறிது ஈரம் கண்டாலும் முளைக்கும். ஆகவே கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்கும் வேலை நமக்கு இன்னும் இருக்கிறது.