கல்லூரிக் கட்டணம் மட்டுமா செலவு?

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். அது தறி ஓசை நிறைந்த ஊருங்கூட. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போனால், தறிக்கூடத்தில் தார் சுற்ற ஒரு கை குறைகிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் சிறிதே. இழந்த கூலியும், பேருந்துச் செலவும், நண்பகல் உணவுமே பலருடைய படிப்பை இடையில் அறுத்துவிடுகின்றன.

ஆகவே, கட்டணத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று எண்ணுவது பிழை. பட்டியல் வகுப்பு மாணவர்க்கென 1944-இல் இந்திய அரசு தொடங்கிய உதவித்தொகை, இன்று கட்டணத்தோடு கல்விப் படியும் அளிக்கிறது. அத்தொகைக்காக அன்று வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் முன்னர் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியும் தங்கமும் வழங்கப்பட்டன. 2022 செப்டம்பரில் அத்திட்டம் ‘புதுமைப்பெண்’ என மாறி உயர்கல்விக்குத் திரும்பியது. தாலிக்குரிய தங்கம் பட்டத்திற்குரிய பணமானது பெரிய மாற்றமன்றோ! ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே சேர வழிசெய்யப்பட்டது. வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையன்று. மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

ஆயிரம் ரூபாய் தறிக்கூலிக்கு ஈடாகாதுதான். ஆயினும், தேர்வுக் கட்டணத்திற்காகத் தந்தை கடன் கேட்டு அலைவது குறையும்.

மாணவர்களே, வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கையும் கல்லூரியிற் சேருமுன்னரே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். பணம் தாமதித்து வருவதுமுண்டு. முதற் பருவச் செலவுக்கு வேறு வழியும் பார்த்துவைத்தல் நன்று.